புழுவின் முதுகில் ஐந்து புள்ளிகள்

1938ஆம் வருஷம் மார்கழியில் விவசாய இலாகா அதிகாரி ஒருவர் தர்மபுரியில் இருந்த என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவரைக்காயைத் துளைக்கும் புழுவைப் படமெடுத்துத் தர வேண்டும் என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும்படி, புழு உள்ளங்கை நீளத்துக்குத் தெரிய வேண்டுமாம். நோட்டீஸாக அச்சடித்து ஊர் ஊராக ஒட்டப் போகிறார்களாம். கல்யாண ஜோடிகளை நிற்க வைத்துப் படமெடுத்துப் பழகிய நான், இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் குள்ளம்மாள் என்பவரின் அவரைக் காட்டில் இரண்டு நாள் படாத பாடு பட்டேன். லென்ஸைப் புழுவுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்தால் வெளிச்சம் போதவில்லை. எட்டு எண்ணும் வரை லென்ஸ் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் புழு நகரும். இல்லையென்றால் காற்றில் கொடி ஆடும். ஆறு கண்ணாடி பிளேட்டுகள் வீண்.

“வெயிலேறி வந்தா அது சும்மா இருக்குமாங்க, போட்டாக்காரரே? பனியோட வாங்க. வெறச்சுப்போயி குச்சியாட்டம் கெடக்கும்” என்றார் குள்ளம்மாள்.

மறுநாள் விடியலிலேயே போனேன். காற்று படாமல் அவரே கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டார். மங்கிய வெளிச்சத்தில் முப்பது எண்ண வேண்டியிருந்தது. புழு அசையவே இல்லை.

அந்த பிளேட்டைக் கழுவித் தெரசாவிடம் கொடுத்தேன். தெரசா கோவிலூர்க்காரி. ஐந்து வருஷமாக என் ஸ்டூடியோவில் நெகடிவ்களைத் திருத்துபவள். ஊசி போலச் சீவிய பென்சிலாலும் சின்னக் கத்தியாலும் எத்தனையோ மாப்பிள்ளைகளின் அம்மைத் தழும்பை மறைத்தவள்.

“முதுகுல அஞ்சு புள்ளி இருக்குது பாரு, ஏதோ தூசி. சொரண்டி எடுத்துடு. நாளைக்கு அதிகாரி வராரு” என்றேன்.

அவள் பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தாள். “தூசி இல்லீங்கண்ணா. பிளேட்டுல தூசி ஒட்டியிருந்தா அந்த எடம் வெறுங்கண்ணாடியாத் தெரியும். இது கருப்பா இருக்குது. நெகடிவ்ல கருப்புன்னா அங்க என்னமோ வெள்ளையா இருந்திருக்குது. பக்கத்துல நெழல்கூட விழுந்திருக்குதுங்க.”

“இருந்தா இருக்கட்டுமே. படம் சுத்தமா இருக்கோணுமில்ல?”

நானே கத்தியை எடுத்தேன். அவள் சட்டென்று பிளேட்டைக் கையால் மூடிக்கொண்டாள். “மாப்பிள்ளை மூஞ்சின்னா நீங்க சொன்னபடி செய்வேன். இது என்னன்னே நமக்குத் தெரியாது. தெரியாததை எப்படிங்க அழிக்கறது? ஒரு நாள் பொறுங்க, நான் பாத்துட்டு வரேன்.”

எனக்குக் கோபம்தான். ஆனாலும் அதிகாரிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, காமிராவையும் எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

கொடி கொடியாகத் தேடிக் குள்ளம்மாள் ஒரு புழுவைக் கண்டுபிடித்தார். அதன் முதுகில் நொய்யரிசி ஒட்டியது போல ஏழு வெள்ளைக் கூடுகள். தெரசா மண்ணில் முழங்காலிட்டுப் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். வெயில் ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை.

“அண்ணா, இங்க வாங்க!”

ஒரு கூட்டின் முனை, பானை மூடி போல வட்டமாகத் திறந்திருந்தது. உள்ளிருந்து எள்ளைவிடச் சிறிய கருங்குளவி ஒன்று வெளியே வந்து, ஈரச் சிறகை உதறி நீட்டியது. அத்தனை சின்ன உடம்பில் அவ்வளவு நேர்த்தியான சிறகை நான் அதுவரை பார்த்ததில்லை. புழுவைத் தின்று வளர்ந்த குளவி!

“அட சாமி! புழுவுக்கே எமன் இருக்குதா? நான் இத்தனை நாளா ரெண்டையும் சேத்தில்ல நசுக்கிட்டிருந்தேன்!” என்று வாயில் கை வைத்தார் குள்ளம்மாள்.

திறந்த கூட்டையும் பக்கத்தில் நின்ற குளவியையும் நான் எடுத்த நாலு பிளேட்டில் ஒன்று தேறியது.

அதிகாரி இரண்டு படங்களையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். “இந்தக் குளவியைப் பத்திப் படிச்சிருக்கேன். இந்த ஜில்லாவில் யாரும் படமெடுத்துக் காட்டினதில்லை. யார் கவனிச்சது?” என்று கேட்டார். தெரசாவைக் காட்டினேன். அவர் எழுந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

தை முடிவதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. இரண்டு படங்களுக்கும் கீழே, ‘வெள்ளைக் கூடு உள்ள புழுவைக் கொல்லாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தெரசாவின் பெயர் அதில் இல்லை. அது எனக்கு மனக்குறைதான். இன்னும் பன்னிரண்டு பூச்சிகளின் படம் வேண்டும் என்று இலாகாவிலிருந்து கடிதம் வந்தபோது, அதை அவளிடமே நீட்டினேன்.

“இனிமே பூச்சிப் படமெல்லாம் நீதான் எடுக்கற.”

“நானா? எனக்குத் திருத்தத்தானுங்க தெரியும்.”

“பாக்கத் தெரியுதில்ல? அது எனக்கே தெரியலியே.”

அவள் எடுத்த முதல் படம், ராகிக் கதிரில் உட்கார்ந்திருந்த தட்டான். இருட்டறையில் பிளேட்டைக் கழுவக் கழுவ, இறக்கையின் நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நான் இன்னும் கிட்டே குனிந்தேன். அவளோ சிவப்பு விளக்கருகே பிளேட்டைப் பிடித்து, “வால் நுனி கொஞ்சம் மங்கிடுச்சுங்கண்ணா, நாளைக்கு மறுபடி போவலாம்” என்றாள்.