அண்ணனுக்கு முன்னால் நின்றவன்

கோச் வெள்ளைப் பலகையில் ஒரு பெரிய வட்டமும் அதை ஒட்டி ஒரு சின்ன வட்டமும் போட்டார். பெரிய வட்டம் துறைமுகக் கூடைப்பந்து அணியின் சென்டர், வளையத்தடியில் ஆடுகிறவன். ஆறடி எட்டு அங்குலம், நூற்றுப் பதினைந்து கிலோ. இந்தத் தொடரில் ஓர் ஆட்டத்தில்கூட முப்பது புள்ளிக்குக் குறைந்து போடாதவன். சின்ன வட்டம் ஆலை அணியின் சென்டர், எல்லோரும் கொக்கு என்று கூப்பிடும் பையன். வயது பத்தொன்பது. உயரத்தில் எதிராளியைவிட ஓர் அங்குலம் கூடுதல், எடையில் முப்பத்தைந்து கிலோ குறைவு.

"பின்னாடி நின்னு தள்ளிப் பாக்காதே, எலுமிச்சம்பழமா நசுக்கிடுவான். முன்னாடி நில்லு. பந்துக்கும் அவனுக்கும் நடுவுல. பந்து கைக்கு வந்தாத்தானே அவன் யானை? வரலேன்னா வெறும் சுவரு. தலைக்கு மேல தூக்கிப் போட்டா, பின்னாடியிருந்து நம்ம ஆளு ஓடி வருவான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"அவனுக்குப் புரியாம யாருக்கு சார் புரியும்? கூடப் பொறந்தவனாச்சே!" என்றான் சுண்டெலி. அணியிலேயே குள்ளமானவன், பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவன், தூக்கத்திலும் வாய் மூடாதவன். இந்தமுறை யாரும் சிரிக்காததால் ஷூ கயிற்றை இன்னொரு தடவை கட்டிக்கொண்டான்.

துறைமுகத்தின் சென்டர் கொக்கின் சொந்த அண்ணன் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா மூட்டை கட்டும் பிரிவில் ஃபிட்டர். மூத்த மகனுக்கு அணியில் இடமும் நிரந்தர வேலையும் கேட்டு மேனேஜர் அறை வாசலில் ஒரு மாதம் நின்றவர். உத்தரவு கைக்கு வந்த வாரம் மூத்தவன் துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டான். அங்கே மரத்தரை, நல்ல பயிற்சி, பெரிய ஆட்டங்கள். "என் மூக்கை அறுத்துட்டுப் போறவன் இந்த வாசல்ல திரும்பக் கால் வைக்கக் கூடாது" என்றார் அப்பா. அப்பனுக்குப் பிள்ளை ரோஷத்தில் சளைத்தவனில்லை. மூன்று வருஷமாக வைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, அவன் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன அதே இடத்தில் தம்பி சேர்ந்தான். அதை அண்ணன் எப்படி எடுத்துக்கொண்டானோ, அன்றிலிருந்து தம்பியின் ஃபோனையும் எடுப்பதில்லை.

கொக்குக்குக் கோப்பை வேண்டியிருந்தது என்று சொன்னால் அது பொய். அண்ணன் தன்னோடு பேச வேண்டும். ஒரு வார்த்தை போதும், அது திட்டாக இருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறுதி ஆட்டம். நடுவர் இரண்டு சென்டர்களையும் கைகுலுக்கச் சொன்னபோது அண்ணன் உள்ளங்கையை உள்ளங்கையில் ஒற்றிவிட்டுக் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தான்.

முதல் முறை பந்து அண்ணன் பக்கம் வந்ததுமே கொக்கு பின்னால் போய் நின்றுவிட்டான். திட்டம் போட்டுச் செய்ததில்லை. கால் தானாகப் போயிற்று. முழங்கையை மடக்கி முன்னங்கையை அண்ணனின் முதுகில் வைத்தான். பதினைந்து வருஷம் ஒரே கட்டிலில் அந்த முதுகைப் பார்த்துப் படுத்துத் தூங்கியவன் அவன். இப்போது அகலம் கூடியிருந்தது. சூடு மட்டும் அதே சூடு. வலது தோள் இறங்கினால் இடது பக்கம் திரும்புவான் என்று இவனுக்குத் தெரியும். தோள் இறங்கியது. இடது பக்கம்தான் திரும்பினான். தெரிந்து என்ன செய்ய? இரண்டு இடி இடித்து, கொக்கை ஓரமாகத் தள்ளி, பந்தை வளையத்துக்குள் வைத்துவிட்டுப் போனான்.

"முன்னாடி வாடா!" என்று கோச் கத்தினார்.

கொக்கு தலையாட்டினான். ஆட்டிவிட்டு மறுபடியும் பின்னால் போய் நின்றான். முன்னால் போனால் அண்ணனைப் பார்க்க முடியாது.

இடைவேளையில் அண்ணன் கணக்கில் இருபத்திரண்டு புள்ளி, தம்பி கணக்கில் மூன்று ஃபவுல்.

"நீ தடுக்கிறியா, இல்லே கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா?" என்று கோச் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது உறைத்தது. "இன்னொரு தடவை பின்னாடி நின்னே, பெஞ்சுல உக்கார வச்சிடுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த முதுகும் இல்லை. கொக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அண்ணனுக்கு முன்னால் நின்றான்.

முன்னால் நிற்பது விநோதமான வேலை. யாரைத் தடுக்கிறோமோ அவனுக்கே முதுகு காட்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பந்தை மட்டும் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்காரர்கள் பந்தை உள்ளே போட வழி தேடினார்கள். ஒரு கொக்கின் இறக்கையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான்கு நிமிடம் அண்ணன் பந்தைத் தொடவேயில்லை. தொடரின் பெரிய ஆள், செய்ய ஒரு வேலையுமில்லாமல், தம்பியின் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சா?"

காதுக்குப் பின்னால் கேட்டது. கொக்கு சடாரென்று திரும்பினான். அவன் தலைக்கு மேலாகப் பந்து வந்து அண்ணன் கையில் விழுந்தது. அங்கிருந்து வளையம் கைக்கெட்டும் தூரம்.

"பேச்சுக் கொடுத்து ஏமாத்துறான்டா! காதை மூடிக்கோ!" என்று கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னடா, குசலம் விசாரிச்சானா?" என்றான் ஓடிக்கொண்டே சுண்டெலி.

"ஆமா," என்றான் கொக்கு.

ஏமாற்றத்தான் கேட்டானா? இருக்கலாம். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்தான் ஆகிறது. யாரிடமோ விசாரித்திருக்கிறான். ஏமாற்ற நினைப்பவனுக்கு 'லேஸ் அவுந்திருக்கு' என்று சொன்னால் போதாதா?

அடுத்த தடவை கொக்கு பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆச்சு. நல்லாத் தெரியுது," என்றான்.

பந்து கைமாறியது; எல்லோரும் மறுமுனைக்கு ஓடினார்கள். அங்கே அண்ணன் வாய் திறக்கவில்லை. அங்கே முகத்துக்கு முகம் நிற்க வேண்டியிருந்தது. இந்த முனைக்குத் திரும்பி, கொக்கு முதுகைக் காட்டி நின்ற பிறகுதான் குரல் வந்தது.

"ஆஸ்பத்திரியில யார் இருந்தது?"

"நான்தான். மூணு நாள் லீவு போட்டேன்."

இன்னொரு ஓட்டம். இன்னொரு தடவை.

"இளைச்சுட்டே."

"நீ பெருத்துட்டே."

பிடரியில் சின்னதாக ஒரு மூச்சு பட்டது. சிரித்திருக்க வேண்டும்.

மூன்றாம் பகுதியின் கடைசியில், வேறு ஒருவனைத் தடுக்கப் போய்க் கொக்கு நான்காவது ஃபவுலை வாங்கினான். இன்னும் ஒன்று வாங்கினால் வெளியே. துறைமுகக் கோச் கோட்டோரம் வந்து கூவினார்: "பையனுக்கு நாலு ஆச்சு! அவன் மேல ஏறு! இன்னொண்ணு வாங்கி அனுப்பிடு!"

யானைக்கு அது ஒரு வேலையா? போடுவதுபோல் கையைத் தூக்கி, இவன் குதித்ததும் மேலே சாய்ந்தால் முடிந்தது. பந்து அவன் கைக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அரங்கமே எதிர்பார்த்தது. அவன் சாயவில்லை. பந்தை வெளியே நின்றவனிடம் தள்ளிவிட்டு, பழைய இடத்துக்கு வந்து, பழைய இடுப்பில் கையை வைத்தான். துறைமுகக் கோச் தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தார்.

அண்ணன் என்னை வெளியே அனுப்ப மாட்டான் என்று கொக்கு நினைத்தான். நினைத்ததும் தைரியம் வந்தது.

ஆட்டம் முடியப் பதினைந்து விநாடி மிச்சம். ஆலை இரண்டு புள்ளி முன்னால். பந்து துறைமுகத்திடம்.

"அண்ணா, வீட்டுக்கு எப்ப வர்றே?"

இடுப்பில் இருந்த கை இறுகியது. பந்து வெளியே இவனிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து இவனுக்கு என்று போய்வந்தது. பத்து. எட்டு. ஒரு கூடை விட்டுக்கொடுத்தால் புள்ளி சமமாகிவிடும். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆட வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு மனுஷன் ஒரு பதில் சொல்லிவிட மாட்டானா?

பந்து தலைக்கு மேலே உயர்ந்து வந்தது. அண்ணன் எழும்புவது முதுகில் தெரிந்தது. கொக்கும் எழும்பினான். யோசித்துச் செய்யவில்லை, மறுபடியும் உடம்புதான் செய்தது. விரல் நுனி பட்டுத் திசைமாறிய பந்து சுண்டெலியின் நெஞ்சில் போய் விழுந்தது. அவன் அதைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டான். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

இடுப்பில் இருந்த கை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு இல்லை. கொக்கு திரும்பிப் பார்த்தபோது அண்ணன் தன் அணியின் பெஞ்சுக்குப் பாதி தூரம் போயிருந்தான். வரிசையில் நின்று கைகுலுக்கும்போது எல்லோரிடமும் "நல்ல ஆட்டம்" என்றான். இவனிடமும் அதையே சொன்னான். அரை மணி நேரத்தில் துறைமுகத்துப் பஸ் புறப்பட்டுப் போய்விட்டது.

கொக்கு வீட்டுக்கு வந்தபோது மதியம் ஒன்றரை. அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபடி கதவைத் திறந்தாள். ஜெயித்ததா தோற்றதா என்று கேட்கவில்லை.

"பேசினானா?"

"பேசினான்."

"என்ன கேட்டான்?"

"ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டான். ஆச்சு, நல்லாத் தெரியுதுன்னு சொன்னேன்."

அம்மா அவனையே பார்த்தாள். "ஒரு கண்ணுதானேடா ஆச்சு. இன்னொண்ணு பாக்கி இருக்குன்னு சொல்லக் கூடாதா? நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டா, அவன் எதுக்கு வருவான்?"

கொக்குக்கு அது தோன்றவேயில்லை. வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினான். உள்ளறையில் டி.வி. சத்தம் குறைந்திருந்தது.

"துறைமுகத்தோட மறுபடி எப்ப ஆட்டம்?" என்று அங்கிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"அடுத்த வருஷம்தான்ப்பா."

பிறகு டி.வி. சத்தம் கூடியது.