ஒரே வளையத்தில் இரண்டு சாவி

முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஒரு நட்டுகூடத் தொலைந்ததில்லை. மாற்றுச் சாவி தனியாகக் கிடந்தால் காணாமல் போய்விடும் என்று அசல் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பேன். வீட்டிலும் அதே சட்டம்தான். இப்படிப்பட்டவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்றால் யார் நம்புவார்கள்?

"உங்கள் கம்ப்யூட்டரில் பதினேழு வைரஸ்கள் உள்ளன, நீக்க இங்கே அழுத்தவும்" என்று திரையில் வந்தது. பதினேழு என்று எண்ணிச் சொல்கிறானே, பொறுப்பான ஆள் என்று நினைத்து அழுத்தினேன். அந்தப் பதினேழும் பொய். அழுத்திய பிறகு வந்ததுதான் நிஜம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது.

பூட்டியதில் என் புத்தகமும் ஒன்று. அப்பாவைப் பற்றி மூன்று வருடமாக எழுதியது. அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு வெளிவர வேண்டும். திங்கட்கிழமை அச்சகத்தில் தருவதாகச் சொல்லியிருந்தேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, விவரம் சொன்னவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்ததும் கேட்டார். "காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா சார்?"

"வாராவாரம். தனி ஹார்டு டிஸ்க்ல."

"எங்க?"

"கம்ப்யூட்டர்லயே சொருகியிருக்கு. கழட்டி வச்சா தொலைஞ்சிடாதா?"

அவர் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினார். "அதுவும் சேர்ந்தே பூட்டிக்கிச்சு சார்."

எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டர் திறந்தது. "ஆள் பிழைச்சாச்சு. ஞாபகம்தான் போயிடுச்சு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும் வீடே அதிரக் கத்தினேன். கத்துவதற்கு மனைவி ஒருத்திதான் இருந்தாள்.

அவள் பள்ளி ஆசிரியை. விடைத்தாள் திருத்துவதை நிறுத்தாமலேயே சொன்னாள். "தொண்டை வத்திடப் போகுது. ஒரு காப்பி இருக்கு."

"யார்கிட்ட?"

"உங்க தம்பிகிட்ட."

என் தம்பி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவன். அப்பா போவதற்கு முந்தின வருடம் வந்த சண்டையிலிருந்து, ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

"நீங்க முடிக்க முடிக்க ஒவ்வொரு அத்தியாயமா அனுப்பினேன். இவ்வளவு பிழையோட அச்சாகி வந்தா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

ஏழாம் அத்தியாயத்தில் அவனை நார் நாராகக் கிழித்திருந்தேன். "ஏழாவதையுமா அனுப்பின?"

"அதுலதான் பிழை ஜாஸ்தியாம்."

அரை மணி நேரத்தில் முழுப் புத்தகமும் மெயிலில் வந்தது. நேரே ஏழாம் அத்தியாயத்துக்குப் போனேன். 'நன்றி கெட்ட ஜன்மம்' என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டு, விட்டுப்போன முற்றுப்புள்ளியை மட்டும் வைத்திருந்தான். எட்டுப் பக்கமும் அப்படித்தான். தன் மேல் விழுந்த வசவையெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பியிருந்தான். ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி. 'அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.'

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் போட்டேன். "என்னடா கேள்விக்குறி?" ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"விஷயத்த மாத்தறது என் வேலை இல்லண்ணா. சந்தேகம் இருந்தா குறி போடணும். அவ்வளவுதான்."

"உனக்கு என்ன சந்தேகம்?"

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. வாராவாரம் வருவேன். நீயும் அண்ணியும் வேலைக்குப் போயிருப்பீங்க, வீடு பூட்டியிருக்கும். ஜன்னல்கிட்ட நின்னு அப்பாவுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டிட்டுப் போவேன்."

"அப்பா சொல்லவே இல்லையே."

"நான்தான் சொல்ல வேணாம்னேன். நீ ஜன்னலையும் பூட்டிட்டா?"

பூட்டியிருப்பேன், சந்தேகமே இல்லை. இடுப்பிலிருந்த வளையத்தைக் கழற்றினேன். வாசல் கதவின் இரண்டு சாவிகளும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு தொங்கின. ஒன்றை வெளியே எடுக்க நெம்பினேன். நகம் உடைந்ததே தவிர வளையம் அசையவில்லை.

"இப்பவும் செவ்வாய்க்கிழமைதான் லீவா?"

"ஆமாண்ணா."

"வா. இந்தச் சாவிய என்னால தனியா கழட்ட முடியல."