சுவிட்சை மாற்றாமல் அணைத்த கார்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சிக்னலில், என் மூக்கில் பிறந்தது. முன்னால் நின்ற பழைய டீசல் காரின் புகையில் மீன் வறுத்த வாசம். நான் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். பச்சை விழுந்ததும் கார் போய்விட்டது, பசி மட்டும் நின்றது. (பசியில் பிறந்த கதை. பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.)

முதல் வரியாக, 'எரிபொருளின் வரலாறு என்பது மனித ஆசையின்...' என்று எழுதிப் பார்த்தேன். சீ என்று எனக்கே தோன்றியது. அடித்துவிட்டேன்.

2.

காருக்குள் ஓர் ஆள் வேண்டுமே. முதலில் ஒரு பேராசிரியரை உட்கார வைத்தேன். மனிதர் பேசினார், பேசினார், ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை. இறக்கிவிட்டேன். பிறகு ஒரு பிளம்பர் வந்தார். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் மாட்டுகிறவருக்குச் சொந்தக் காரில் ஒரு குழாய் மாட்டுவதா பெரிய விஷயம்? மச்சினன் மீன் வறுக்கிற கடை வைத்திருக்கிறான். கரிந்த எண்ணெயை எங்கே கொட்டுவதென்று அவன் முழிக்க, என்னிடம் கொடு என்று வாங்கிக்கொண்டார். துணியில் வடிகட்டினார், தண்ணீர் அடியில் தங்கும்வரை காத்திருந்தார், டிக்கியில் இரண்டாவது டேங்க் வைத்தார், என்ஜினின் சுடுதண்ணீர்க் குழாயை அந்த எண்ணெயைச் சுற்றி ஓடவிட்டார். வண்டி ஓடியே விட்டது.* அன்று முழுக்க மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

* இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதையே இதில்தான் தொங்குகிறது. எண்ணெய் சூடாக இருந்தால்தான் இளகி ஓடும். ஆகவே வண்டியை டீசலில் கிளப்பி, சூடேறியதும் சுவிட்சைத் தட்டி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே மறுபடி டீசலுக்கு மாற்றி, குழாயில் கிடக்கும் எண்ணெயை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். மறந்துபோய் அணைத்தால் எண்ணெய் உள்ளேயே ஆறிக் கெட்டியாகிவிடும். மறுநாள் வண்டி கிளம்பாது.

3.

அவர் மனைவியை முதல் வரைவில் மூக்கைப் பொத்திக்கொண்டு சலித்துக்கொள்கிறவளாக எழுதியிருந்தேன். என் சோம்பேறித்தனம். திருத்துகிறேன்: மருந்தாளர் படிப்பு படித்தவள். பிள்ளைகள் வளரட்டும் என்று வீட்டில் இருந்துவிட்டாள். இப்போது ஓர் ஆஸ்பத்திரி மருந்துக்கடை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், நாளைக் காலை நேர்முகத் தேர்வு.

இன்று அவள் கார் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். திரும்பும்போது தெருமுனைக்கு முன்பே ஒழுங்காக டீசலுக்கு மாற்றினாள். (நான் பார்த்தேன். நான்தானே எழுதினேன்.) பிறகு இஸ்திரிக்குக் கொடுத்த துணியை வாங்க நடந்து போனாள். அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். பிளம்பருக்குக் கை சும்மா இருக்குமா? அவள் திரும்பி வருவதற்குள் அவனை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். வாசலுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து காட்டும் அவசரத்தில், பெருமை அடித்துக்கொண்டே, எண்ணெயிலேயே அணைத்துவிட்டார்.

4.

மறுநாள் காலை. கார் முக்குகிறது, கிளம்பவில்லை. அவள் மடியில் சான்றிதழ் ஃபைல்.

"நேத்து சுவிட்சை மாத்தினியா?"

கேட்ட பிறகுதான் அவருக்குத் தன் ஊர்சுற்றல் ஞாபகம் வந்தது. அவளோ யோசித்தாள்.

"மாத்தினேன்னுதான் நினைக்கிறேன்..." என்றாள். பிறகு, "மாத்தலையோ என்னவோ. தப்பு என்னுதுதான்."

அவர் உள்ளே போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஃபில்டர் மேலும் குழாய்கள் மேலும் ஊற்றினார். ஊற்றி ஊற்றி, கடைசியில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

5.

முடிவு அ: வழியிலேயே சொல்லிவிடுகிறார். அவள் அவர் தலையில் ஒரு குட்டு வைத்துச் சிரிக்கிறாள். எனக்கு இது பிடித்திருந்தது, எழுதவும் எழுதினேன். ஆனால் மனிதர் வாயைத் திறக்காமல் ரேடியோவைத் திறந்தார்.

முடிவு ஆ: அவளுக்கு வேலை கிடைக்கிறது, சாயங்காலம் சொல்கிறார். இது நான் அவருக்குக் கொடுக்கும் லஞ்சம். அடித்துவிட்டேன்.

முடிவு இ: ஆஸ்பத்திரி வாசல். இறங்கும் முன் அவள் சொல்கிறாள்:

"ஒரு சுவிட்சைக்கூட ஞாபகம் வெச்சுக்கத் தெரியலை. என்னை நம்பி எப்படிங்க மருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்வாங்க?"

"அதெல்லாம் நல்லா பண்ணுவே, போ."

இதையா சொல்வது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 'இரு, நேத்து கடைசியா வண்டியை எடுத்தது' என்று அவர் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. நான் முடித்தால் அது நான் பேசியதாகிவிடும்.

அவள் இறங்கிவிட்டாள். அவரை வெட்கம் பிடுங்குகிறது. ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருக்கிறார், அது அவராகவே செய்தது. என்ஜின் சத்தத்தில் சாதாரணமாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. கத்தித்தான் சொல்ல வேண்டும், வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இனி அவர் உங்கள் பொறுப்பு. சீக்கிரம், அவள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.