பச்சை வட்டம்

பிரதீஸுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கப் பயம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அந்த மீனவர் நலத் திட்ட அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்தப் பயம் தொற்றியிருந்தது. பணிப்பாளர் கீத் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டுவித்திருந்தார். அதில் ஆளுக்கொரு வட்டம். மௌஸ் அசைந்தால் பச்சை, ஓய்ந்தால் மஞ்சள். மஞ்சள் கூடியவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

"எல்லாரும் எல்லாரையும் பாக்கக்குள்ள ஒரு குடும்பம் மாதிரி இருக்கும்" என்றார் கீத்.

குடும்பத்தில் அதன் பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. தேத்தண்ணி கோப்பைகளில் ஆறிக் கிடந்தது. ஒண்ணுக்குப் போனவர்கள் ஓடிப்போய் ஓடிவந்தார்கள். கடிதம் எழுதுமுன் யோசிக்கிற பழக்கத்தைப் பிரதீஸ் விட்டுவிட்டான், யோசித்தால் மஞ்சள். அவனுடைய வேலையோ மீனவர்களின் முறைப்பாட்டைக் கேட்பது. காதால் கேட்பதைத் திரை கணக்கில் எடுக்கவில்லை. பாதிக் காதை அங்கே கொடுத்துவிட்டு மௌஸை ஆட்டிப் பார்த்தும், அவன் வட்டம் மாதம் முழுக்கப் பழுத்த மாம்பழம் போலவே இருந்தது.

ஒப்பந்தம் முடிகிற அன்று காலை, வலையை யாரோ வெட்டிவிட்டதாக முறையிட மீனவர் சீனித்தம்பி வந்தார். அலுவலகத்துக்கு வெறுங்கையோடு வருவது அவர் வழக்கத்தில் இல்லை. பையில் உயிர் நண்டு ஒன்று, காலெல்லாம் கட்டியபடி.

"என்னத்துக்கு அண்ணன் இதெல்லாம்?"

"கறிக்கு வெச்சுக்க மனெ. மறுகா, நான் செல்லுறதக் கேளு." சீனித்தம்பி மௌஸை ஆட்டும் கையைப் பார்த்தார். "என்ன, காய்ச்சலா?"

"ஓம். ஒபிஸ் காய்ச்சல்."

பிரதீஸ் நண்டைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மேசையில் கிடந்த வெற்றுக் கடதாசிப் பெட்டிக்குள் நண்டைக் கட்டவிழ்த்து விட்டு, வயரில்லாத மௌஸையும் உள்ளே போட்டு மூடினான். நண்டுக்குப் பெட்டியும் பிடிக்கவில்லை, மௌஸும் பிடிக்கவில்லை. இழுத்தது, தள்ளியது, மேலே ஏறி விழுந்தது. வட்டம் பச்சையாகி அப்படியே நின்றது.

அந்த மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் சொன்னதை அவன் முழுதாகக் கேட்டான். சீனித்தம்பி ஆற அமரச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசை நிருஷா பெட்டியைக் கண்ணால் காட்டினாள். "என்னகா சுரண்டுது? எலி வளக்கிறியா?"

"உதவியாளர். தொண்டர் அடிப்படையில."

"எனக்கும் ஒண்டு எடுத்துத் தா."

மத்தியானம் கீத் புதுப்பித்த ஒப்பந்தத்தோடு வந்தார். "தம்பி, இண்டைக்குத்தான் நீங்க வேலைக்கே வந்த மாதிரி இருக்கு. எல்லாரும் ஸ்கிறீனப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நண்டு அந்நேரம் பார்த்து ஓய்வெடுத்தது. வட்டம் மஞ்சளானது. நீட்டிய கடதாசி கொஞ்சம் பின்வாங்கியது.

பிரதீஸ் பெட்டியை மேசைக்கடியில் மடிக்கு இறக்கி, மூடியை விலக்கி, வலக்கையை உள்ளே விட்டான். மௌஸ் அகப்படுமுன் நண்டு சுட்டுவிரலைக் கவ்வியது. கை துள்ளியது; மௌஸும் சேர்ந்து துள்ளியது. இப்படி ஒரு பச்சையை அந்தத் திரை கண்டதில்லை.

"இதுதான் ஆர்வம்" என்று கீத் கடதாசியை மேசையில் வைத்தார். "சைன் பண்ணுங்க."

பிரதீஸ் இடக்கையில் பேனையை எடுத்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பாவம், அழுறார்" என்று கீத் மற்றவர்களிடம் மெல்லச் சொன்னார். "வேலையில அவ்வளவு விருப்பம்."

நண்டு பிடியை இறுக்கியது. பிரதீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்திட்டான்.