கௌசிகாவின் காரில் ஒயில் ஒழுகிய இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் ஸ்கூட்டிக்கு பிரேக் மாற்றக் காத்திருந்த நேரத்தில் அதுவாக வந்து அகப்பட்டது. சொன்னவர் இல்ஹாம், திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் கராஜ் வைத்திருப்பவர். சொல்லி முடித்துவிட்டு, "ரீச்சர், நீங்க கதை எழுதுறநீங்கதானே. இத எழுதுங்க. ஆனா கடைசில மட்டும் ஒரு சின்ன மாத்தம் செய்யோணும்" என்றார்.

அந்தச் சின்ன மாற்றம் என்னவென்று நாலாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடும். எனக்கு அவரைப் பிடிக்கும். இதில் நான் நடுநிலையானவள் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

2

தொடக்கங்கள்:

'துறைமுகத்தின் மேல் மாலை வெயில் கறுத்த எண்ணெய்போலப் படர்ந்து' – வேண்டாம். திருகோணமலை வெயில் அப்படியெல்லாம் படர்வதில்லை.

'பதினொரு வருட நட்பை ஒரேயொரு துளி' – இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற எழுத்தாளரை நானே நம்பமாட்டேன்.

நேராகத் தொடங்குகிறேன். (நேரில் அவரை 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்தால் எல்லோரும் எனக்கு 'அவன்'தான். கோபிக்கவேண்டாம்.)

3

இல்ஹாமும் துவாரகனும் பதினொரு வருடமாக ஒரே கராஜை நடத்தியவர்கள். பெயர்ப்பலகையில் இரண்டு பேருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. வேன், ஓட்டோ, உழவு மெஷின் என்று எதிலும் கை வைப்பார்கள். ஆனால் கௌசிகாவின் கார் வேறு ரகம். துறைமுகக் கந்தோரில் மேசை வேலை செய்யும் கௌசிகா, கார் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறவள். அவளுடைய டர்போ எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மூன்று மாதம் பாடுபட்டுப் புதிதாகப் பூட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணினபோது எதிர்க்கடைக்காரர்கள் எழும்பி வந்து பார்த்தார்களாம். இல்ஹாமுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் காலை, காருக்குக் கீழே விரித்திருந்த காட்போர்ட் மட்டையில் மூன்று துளி ஒயில் கிடந்தது. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. அந்த இடத்தில் ஒயிலைத் தடுக்கிற வட்டமான ரப்பர் சீல் ஒன்று உண்டு. அதைப் போட்டவன் துவாரகன். அவன் கியர்பொக்ஸை இறக்கி, வேறு புது சீல் போட்டு, திரும்ப ஏற்றினான். முழுதாய் ஒரு நாள் வேலை அது. மறுநாள் மட்டையில் ஐந்து துளி.

போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஓடுபாதையில் ஒயில் சிந்தினால் பின்னால் வருகிற கார் வழுக்கும். அதனால் அதிகாரிகள் ஒவ்வொரு காருக்குக் கீழும் படுத்துப் பார்ப்பார்கள். ஒரு துளி கண்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"என்ன இல்ஹாம் நானா, இன்னும் ஒழுகுதே?" என்று கேட்டாள் கௌசிகா. அவளுக்கு இல்ஹாம் 'நானா', துவாரகன் 'அண்ணா'; இரண்டும் ஒன்றுதான்.

"துவாரகன் போட்ட சீல் சரியில்ல தங்கச்சி. அவனுக்கு இப்ப வேலைல கவனமில்ல."

துவாரகன் பக்கத்தில்தான் நின்றான்.

[இந்த இடத்தில் துவாரகன் ஏதாவது பேசவேண்டும். கோபமாய், நக்கலாய், தொண்டை அடைக்க என்று எல்லா விதமாகவும் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவன் வாயில் நிற்கவில்லை. உண்மையில் அவன் கையைத் துடைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு தம்பலகாமத்திலுள்ள வீட்டுக்குப் போய்விட்டான். அப்படியே இருக்கட்டும்.]

இரண்டு நாள் கழித்து, அவன் சீனன்குடாவில் ஒரு வேலைக்குக் கேட்டு, அது கிடைத்தும்விட்டது என்று இல்ஹாமின் காதுக்குக் கதை வந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி அவன் போய்க் கையெழுத்துப் போட்டால், பலகையில் ஒரு பெயரை அழிக்கவேண்டியதுதான்.

4

இல்ஹாம் தனியே கியர்பொக்ஸை இறக்கினான். வீம்புதான், வேறென்ன? சீலைத் தன் கையாலேயே போட்டான். அதுவும் ஒழுகியது. அதற்கு அடுத்த நாள் எஞ்சினின் முன்பக்கச் சீலும் ஒழுகியது. பிறகு மேல்மூடியின் ஓரமும் கசிந்தது. ஒரு இடத்தில் ஒழுகினால் அந்த இடத்தில் பிழை. எல்லா இடத்திலும் ஒழுகினால்?

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒயில் அளவு பார்க்கிற கம்பி தானாக ஒரு விரலளவு மேலே எழும்பியது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தான். காற்று புஸ்ஸென்று முகத்தில் அடித்தது.*

(* கராஜ் பழக்கமில்லாதவர்களுக்கு: ஓடுகிற எஞ்சினுக்குள் காற்று சேரும். அது வெளியேற ஒரு மூச்சுக் குழாய் உண்டு. குழாய் அடைபட்டால், காற்று ஒயிலையும் தள்ளிக்கொண்டு கிடைத்த இடுக்காலெல்லாம் வெளியே வரும். எவ்வளவு நல்ல சீலும் அதைத் தாங்காது.)

குழாயைக் கழற்றி, எஞ்சினின் துளைக்குள் விரலை விட்டான். துணி. இழுத்தெடுத்தால், இடுப்பில் கட்டுகிற நீலக்கட்டச் சாரத்தின் துண்டு.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்குப் போகமுன், கழற்றிய எஞ்சினின் ஒவ்வொரு துளையிலும் பழைய சாரத்தைக் கிழித்து அடைத்துவிட்டுப் போவது இல்ஹாமின் பழக்கம். கடல்காற்று மணலையும் உப்பையும் கொண்டுவருமே. துவாரகன் அதைப் பார்த்துச் சிரிப்பான். அவன் டேப் ஒட்டுகிறவன். தொழுதுவிட்டு வந்து துண்டுகளை எடுப்பதும் இல்ஹாம்தான். எடுத்தான், ஒன்றைத் தவிர.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இல்ஹாம் நிலத்தில் குந்திவிட்டான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

ஒழுக்கு நின்றது. போட்டியில் கௌசிகா நாலாவதாக வந்தாள். "என்ன செய்தனீங்கள் நானா?" என்று அவள் கேட்டபோது, "மூச்சுக் குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருந்திச்சு" என்று சொல்லிவிட்டான்.

சின்ன மாற்றம் என்றாரே, அது இதுதான். "கதையிலயும் குளவியெண்டே போடுங்க ரீச்சர்."

5

அவர் கேட்டபடி எழுதிப் பார்த்தேன்:

'குழாயைத் தட்டினான். மண் உதிர்ந்தது. குளவி! இல்ஹாம் வாய்விட்டுச் சிரித்தான். துவாரகனுக்குப் போன் எடுத்தான். யாரிலும் பிழையில்லை என்று தெரிந்ததும் இருவரும்'

நிறுத்திவிட்டேன். எழுத்தில் குறையில்லை. சும்மா சொல்லக்கூடாது, துணியைவிடக் குளவி அழகு. துவாரகன்கூட நம்புவான். நம்பித் திரும்பியும் வருவான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத முடிவு அது. கதை எழுதுகிறவளுக்குப் பொய் சொல்ல உரிமை உண்டு, நானே நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருவனுக்கு வரவேண்டிய நியாயத்தைக் குளவிக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே இரண்டு முடிவுகளையும் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போனேன். "துவாரகன்ட மனுசி லக்சனா எங்கட பள்ளிக்கூடத்திலதான் படிப்பிக்கிறா. நான் எழுதிறது ஒண்டும் விடாம வாசிப்பா, புருசனுக்கும் சொல்லுவா. பத்திரிகைக்கு எதை அனுப்புறதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

இல்ஹாம் நின்றபடியே இரண்டையும் வாசித்தார். குளவி முடிவை என்னிடம் திருப்பித் தந்தார். துணி முடிவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இண்டைக்கு அனுப்பாதீங்க ரீச்சர். நான் முந்தோணும்" என்றார்.

6

தம்பலகாமத்து வீட்டு விறாந்தையில் துவாரகன் உட்காரக் கதிரையைக் காட்டினான். இல்ஹாம் உட்காரவில்லை.

"மச்சான், உன்ட சீல்ல பிழையில்ல. மூச்சுக் குழாய்ல என்ட சாரத்துண்டு. நான்தான் மறந்துபோனநான்."

"புது சீலும் ஒழுகினபோதே, பிழை சீல்ல இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"நீ என்னட்டக் கேக்கேல்லையே மச்சான். கௌசிகாட்டச் சொன்னனீ."

இல்ஹாம் போனை எடுத்தான். துவாரகனுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான்.

"தங்கச்சி, குளவியெண்டு சொன்னது பொய். துவாரகன்ட வேலைல ஒரு பிழையும் இல்ல. பிழை என்ட."

மறுபக்கத்தில் கௌசிகா, "துவாரகன் அண்ணாட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அவனுக்கு முன்னாலதான் நிக்கிறன்."

முதலாம் திகதி கராஜை யார் திறந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியால்தான் போகிறேன். ஆனாலும் எழுதமாட்டேன். துவாரகன் என்ன செய்தான் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அவசரப்படவேண்டாம். உங்களுக்கு நெருங்கிய ஒருவர், உங்களை வைத்துக்கொண்டே, இன்னொருவரிடம் உங்களைப் பிழையென்று சொன்ன நாளை முதலில் நினைத்துப் பாருங்கள். பிறகு, அந்த ஒரு அழைப்பு போதுமா போதாதா என்று எழுதுங்கள்.