வழி விடாதவள்

மன்னிப்புக் கேட்க வந்த மனிதர் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தால் அன்றைய நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அவர் தொழில் பல் பிடுங்குவது. விடுமுறை நாளில் கார் பந்தயம் ஓட்டுவார். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் பல் டாக்டர்தான். போன பந்தயத்தில் கொண்டை ஊசி வளைவில் அவள் காரைப் பின்னாலிருந்து இடித்துச் சுழற்றி, சுவரில் கொண்டுபோய்ச் சாத்தியவர் அவரே. நடுவர்கள் ‘பந்தயத்தில் சகஜம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பந்தயத்தில் அவளுக்குப் பூஜ்யம். வருஷம் முழுக்க முதலிடத்தில் இருந்தவள் கோப்பைக் கணக்கிலிருந்தே வெளியே விழுந்தாள். இப்போது வருஷத்தின் கடைசிப் பந்தயம். டாக்டரும் அவள் தம்பியும் சமமான புள்ளிகளில் நின்றார்கள். இருவரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை.

டாக்டர் வந்தபோது அவள் காருக்கு அடியில் படுத்துப் போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என் மேலதான் தப்பு. பிரேக்கை லேட்டாப் பிடிச்சுட்டேன். இத்தனை நாளா சொல்ல வாய் வரல” என்றார்.

“சொல்லிட்டீங்க இல்ல? போங்க.”

அவர் போகவில்லை. “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. உங்க கார் பின்கண்ணாடியில கேமரா இருந்துச்சே. அந்த வீடியோவைக் குடுத்திருந்தா எனக்குத் தண்டனை நிச்சயம். நான் அதுக்குத் தயாராத்தான் உட்கார்ந்திருந்தேன். பதிவே ஆகலைன்னு உங்க அப்பா சொல்லிட்டாராம்.”

அவளிடமும் அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். அடிபட்டதில் கேமரா போய்விட்டது என்று. ஆனால் அதே கேமரா அன்று காலை தம்பியின் காரில் பளிச்சென்று உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தாள். டாக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அணியின் லாரிக்குப் போனாள்.

அணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவின் ஒர்க்‌ஷாப், இரண்டு கார்கள், அவற்றை ஏற்றிப்போக ஒரு லாரி. தெருவில் ஓடும் சாதாரணக் கார்களை வாங்கி, சீட்டு, கம்பளம் எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டிப் பந்தயத்துக்கு விடுவார்கள். ஒன்றை அவள் ஓட்டினாள், மற்றதைத் தம்பி ஓட்டினான். இரண்டுக்கும் இன்ஜின் பூட்டுவது அவள்.

அப்பாவின் லேப்டாப் லாரிக்குள் மேஜைமேல் இருந்தது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வீடியோ அழிக்கப்படவும் இல்லை, ஒளித்து வைக்கப்படவும் இல்லை. மகள் பார்க்க மாட்டாள் என்று அவ்வளவு நம்பிக்கை.

டாக்டர் இடிப்பது தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. உலகம் சுற்றியது, சுவர் வந்தது. நின்றுபோன காரின் கேமரா அதற்குப் பிறகும் பாதையைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் நின்ற ஊழியர் மஞ்சள் கொடியை ஆட்டுகிறார். மஞ்சள் கொடி ஆடினால் ஆபத்து என்று அர்த்தம், யாரும் யாரையும் தாண்டக் கூடாது. அந்தக் கொடிக்கு நேர் கீழே தம்பி இரண்டு கார்களைத் தாண்டிக்கொண்டு போகிறான். அக்கா சுவரில் ஒட்டிக் கிடக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னாலேயே.

அந்த வீடியோவைக் கொடுத்திருந்தால் டாக்டருக்குத் தண்டனை. கூடவே தம்பிக்கும். அதனால்தான் கேமரா ‘போய்விட்டது’.

தம்பி லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியுமாடா?”

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. “அப்பாதான் சொன்னாருக்கா, எப்படியும் உனக்கு…”

“அப்பா சொன்னதை நான் கேக்கல. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்” என்றான் ஷூவைப் பார்த்து.

விலாவில் கன்றிய நீலம் மறைய எத்தனை வாரம் ஆனது என்று அவளுக்குத்தான் தெரியும். இருமினால் உயிர் போய் வந்தது. அந்த வாரங்களில் அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன் இவன். பக்கத்தில் உட்கார்ந்து, ‘அந்த டாக்டரைச் சும்மா விடக் கூடாதுக்கா’ என்று பல்லைக் கடித்தவனும் இவன்தான். அவளுக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. கையை மடக்கிக்கொண்டு, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி, நடுவர் அறைக்கு நடந்தாள்.

தலைமை நடுவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“போன பந்தயத்தோட முடிவு உறுதியாயிடுச்சும்மா. பந்தயம் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள புகார் குடுக்கணும். காலம் போயிடுச்சு.”

“ஒரு தடவை பாருங்களேன்.”

“பார்த்தா என் தூக்கந்தான் போகும். உன் புள்ளி திரும்பி வராது. எதுக்கு?”

அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கத்தினால் திருப்பிக் கத்தும் ஆளாக இருந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

திரும்பி வந்தபோது அப்பா அவள் கார் பக்கத்தில் நின்றார். லேப்டாப்பைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகம் வாடவில்லை.

“சரி, தெரிஞ்சுடுச்சு. இப்ப என்ன செய்யணும்? உனக்குப் போனது போனதுதான். அவனோட புள்ளியையும் சேர்த்துக் குப்பையில போடச் சொல்றியா? நம்ம வீட்டுக்கு ஒரு கோப்பை வரணும். யார் கையில வந்தா என்ன?”

“யார் கையில வந்தா என்னன்னா என் கையில வந்திருக்கலாமேப்பா.”

“உனக்குப் புருஷன், குழந்தை, குடும்பம்னு ஆயிடுச்சு. அவனுக்கு இதுதான் பொழப்பு.”

“ரெண்டு காருக்கும் இன்ஜின் பூட்டுறது யாரு? புருஷனா, குழந்தையா?”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் சொல்றதைக் கேளு. நீ முன்வரிசையில நிக்கிற. டாக்டரை மறிச்சுப் பிடி, தம்பி தாண்டட்டும். முடியலைன்னா, அந்த டாக்டர் உனக்குச் செஞ்சதை நீ அவனுக்குச் செய். சகஜம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

அவளுக்காக ஒரு வார்த்தை பேசாத மனிதர், அவள் பட்ட அடியை மட்டும் ஆயுதமாக எடுத்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காருக்குள் ஏறினாள்.

விளக்கு அணைந்ததும் அவள் கார்தான் முதலில் பாய்ந்தது. முதல் வளைவில் டாக்டரை உள்பக்கமாகத் தாண்டி முன்னால் போனாள். டாக்டர் இரண்டாவது, தம்பி மூன்றாவது. மற்றவர்கள் சீக்கிரமே கண்ணாடியில் புள்ளியாகிப் போனார்கள்.

ஆனால் கோபம் ஓட்டுகிற கார் வளைவுக்கு அடங்காது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தேவைக்கு மேல் தாமதித்து மிதித்தாள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினாள். முன் டயர்கள் கதறின, ரப்பர் தீயும் நாற்றம் உள்ளே வந்தது. அப்பாவைத் திட்டியபடி ஒரு வளைவு, தம்பியைத் திட்டியபடி அடுத்த வளைவு. மூன்றாவதில் கார் நேராக வெளியே சறுக்கியது. டாக்டர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து முன்னால் போய்விட்டார். அந்த இடைவெளியில் தம்பியும் போனான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் எனக்குச் செய்தது போதாதென்று, மிச்சத்தை நானே செய்துகொள்கிறேன். பல்லைக் கடித்து, கையைத் தளர்த்தினாள். கோபம் போகவில்லை, போகச் சொல்லவும் இல்லை. டயரை மட்டும் அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

பாதிப் பந்தயம் கடந்தபோது தம்பியின் பின்னால் ஒட்டியிருந்தாள். அவன் பழக்கம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பயந்தால் வளைவுக்கு முன்னால் ஒருமுறை இடது கண்ணாடியைப் பார்ப்பான், பார்க்கும்போது கார் ஒரு முழம் வலதுபக்கம் நகரும். அவன் பார்த்தான், கார் நகர்ந்தது, அவள் இடதுபக்கம் புகுந்துவிட்டாள்.

“என்ன செய்யுற நீ?” ஹெல்மெட்டுக்குள் இருந்த ரேடியோவில் அப்பாவின் குரல் வெடித்தது. “அவன் நம்ம பையன்.”

அவள் அடுத்த கியருக்கு மாற்றினாள்.

டாக்டரைப் பிடிக்க அதற்குப் பிறகு வெகுநேரம் ஆனது. அவர் அன்று சுத்தமாக ஓட்டினார், குறை சொல்ல இடமில்லை. நீளமான நேர்பாதையில் அவள் பக்கவாட்டில் போய் நின்றாள். கதவோடு கதவு உரசி அவள் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. வளைவுக்கு முன் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்பக்கம் அவளுடையது. கார் உதறியது, பிடித்தது, அவள் முன்னால் வந்தாள். தம்பி டாக்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டான். மூன்று கார்களையும் ஒரே போர்வையால் மூடிவிடலாம்.

கடைசிச் சுற்று.

“காலை எடு” என்றார் அப்பா. “நீ கொஞ்சம் மெதுவாப் போனா டாக்டர் மாட்டிக்குவான், தம்பி தாண்டிடுவான். கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப எடு.”

“மாட்டேன்.”

“டாக்டரைத் தட்டியாவது விடு. இந்த வீட்டுல பொறந்தவதானே நீ?”

“அதைத்தான் நானும் காலையில இருந்து கேக்குறேன்” என்றாள். பிறகு பேச நேரம் இல்லை, கடைசி வளைவு வந்துவிட்டது.

டாக்டர் வெளிப்பக்கமாகப் பக்கத்தில் வந்தார். அவருக்கு இரண்டாமிடம் போதும், ஆனால் அந்த மனிதருக்கும் முதலிடம் கேட்டது. வெளிப்பக்கம் முழுக்க மணல். ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு விட்டால் போதும், டாக்டர் மணலில். கோப்பை தம்பிக்கு. யாரும் கேட்கப் போவதில்லை. அவள் ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டாள். அதற்கு மேல் ஒரு அங்குலமும் விடவில்லை.

அப்போது பின்னாலிருந்து இடி விழுந்தது.

உள்பக்கமாகப் புக முயன்ற தம்பி பிரேக்கைத் தவறவிட்டு அவளை இடித்திருந்தான். போன பந்தயத்தில் அவள் காரில் டாக்டர் இடித்த அதே இடத்தில். காரின் பின்பக்கம் விலகி ஓடியது. சுவர் கண்ணில் பட்டது. அவள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் சுழற்றி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் மிதித்தபடியே இருந்தாள். டாக்டரின் கதவில் ஒருமுறை மோதி, நிமிர்ந்து, இருவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டினார்கள். அவள் காரின் மூக்கு மட்டும் முன்னால் இருந்தது.

அவள் முதல். டாக்டர் இரண்டாவது, வருஷக் கோப்பையும் அவருக்கே. தம்பி மூன்றாவது.

பரிசு மேடையில் டாக்டர் கை நீட்டினார். “கடைசி வளைவுல இடம் விட்டீங்க. நன்றி.”

“உங்களுக்காக விடல. இடம் விடணும்ங்கிறது விதி. நீங்களும் அன்னைக்கு அதைப் படிச்சிருக்கலாம்.”

நீட்டிய கையை அவர் மெல்ல இழுத்துக்கொண்டார்.

தம்பி மறுபக்கம் நின்றான். கூட்டத்தைப் பார்த்தபடியே, “கொஞ்சம் காலை எடுத்திருந்தாப் போதும்க்கா” என்றான். குரல் உடைந்திருந்தது.

“கஞ்சி கொண்டுவந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்டா.”

மேடையிலிருந்து இறங்கும்போது தலைமை நடுவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “உன் தம்பி பின்னால இடிச்சதை எல்லாரும் பார்த்தோம். நீ இடம் இழக்காததால நாங்களா எடுக்க மாட்டோம். நீ புகார் குடுத்தா எடுப்போம்.” கொஞ்சம் தயங்கினார். “இப்ப காலம் இருக்கு.”

கொடுத்தால் அவளுக்கு எதுவும் கிடைக்காது. ஜெயித்தது அவள்தான். தம்பிக்கு மட்டும் அடுத்த வருஷம் சில பந்தயங்களில் தடை வரும். விட்டுவிடு, ரத்தம், கூடப்பிறந்தவன் என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. அது அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

“குடுக்கிறேன்” என்றாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் அப்பா தம்பியின் காரை மட்டும் லாரியில் ஏற்றினார். “சொந்தத் தம்பி வயித்துலயே அடிச்சுட்ட. உன் காரை நீயே கொண்டுபோ” என்று கதவை இழுத்துச் சாத்தினார். வலிக்கிறது என்று காட்டிக்கொள்ள அவளுக்கு மனசில்லை. டாக்டர் தூரத்திலிருந்து தன் வண்டியைக் காட்டிச் சைகை செய்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் யாரிடமோ ஒரு டெம்போவை இரவல் வாங்கி வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் காரை ஏற்றினான். அன்று அவளிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் அவன்தான்.

தம்பிக்கு இரண்டு பந்தயங்களுக்குத் தடை விழுந்தது. அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதை நிறுத்தினாள். பஸ் டிப்போவில் இன்ஜின் பிரிவில் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். ‘ஆயிரம்தான் இருந்தாலும்’ என்றுதான் எல்லா நியாயமும் ஆரம்பித்தது. அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் அம்மா டிப்போவுக்குப் போன் செய்தாள்.

“நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல வரல. வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்திருக்கலாம்.”

“வீட்டுக்குள்ளதானேம்மா மூடி வச்சீங்க.”

அம்மா பெருமூச்சு விட்டாள். பின்னால் ஒர்க்‌ஷாப்பின் சத்தம் கேட்டது. அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அப்பா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்கிறார்” என்றாள் அம்மா.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “கேக்கச் சொல்லு.”

போன் கை மாறவில்லை. அம்மாவின் குரலே திரும்பி வந்தது. “கியர்பாக்ஸ் பேரிங் கழட்டுற புல்லரை நீ எங்க வச்சேன்னு கேக்குறார். தேடித் தேடிப் பார்த்தாச்சாம்.”

“சாணை மெஷின் பக்கத்து அலமாரி. கீழ்த்தட்டு” என்றாள்.

“இரு, சொல்றேன்.”

அம்மா அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, இரும்பு இரும்பில் உரசியது. கிடைத்துவிட்டது போலிருக்கிறது. உடனே அங்கே சுத்தியல் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. அவள் போனை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் போய், கழற்ற வேண்டிய போல்ட்டைத் தலை முறியும் அளவுக்குத் திருகினாள்.