கீபேட்டைக் கழற்றியவள்

மேலாளருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் அவசரம். அவர் மின்பெட்டி முன் வந்து நின்றபோது எலக்ட்ரீஷியன், கணினியிலிருந்து வரும் கேபிளை இரண்டாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

காகிதம் சுற்றும் இயந்திரத்தில் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் கவனிக்க ஒரு டிரைவ். இரண்டாம் உருளையின் டிரைவ் பழுதாகி, காலையில்தான் புதிதை மாட்டியிருந்தாள். அப்போதிலிருந்து முதல் உருளைக்கும் கணினிக்கும் தொடர்பு நிலைக்கவில்லை. கொஞ்சம் பேசும், அறுந்துபோகும். அறுந்தால் டிரைவ் மோட்டாரை நிறுத்திவிடும். அமைப்பே அப்படித்தான்.

அந்த அமைப்பைத்தான் எடுத்துவிடச் சொன்னார் அவசரம். தொடர்பு அறுந்தாலும் உருளை ஓடட்டும், சாயந்திரம் சரக்கு ஏற்ற வண்டி வருகிறது, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

எலக்ட்ரீஷியன் உருளைகள் பக்கம் பார்த்தாள். உருளைகளுக்கு நடுவே காகித முனையைக் கையால் கோர்த்துவிடுவது அவள் அக்கா. இயந்திரத்தை நிறுத்தச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஆனால் சிக்கிய கைக்கு அது எட்டாது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டுபவர் கணினியில் நிறுத்தினால்தான் உண்டு. அந்த உத்தரவு வழியிலேயே அறுந்துபோனால்?

டிரைவின் முகத்திலிருந்த கீபேட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பையைப் பித்தானிட்டு மூடினாள். அது இல்லாமல் யாரும் அமைப்பை மாற்ற முடியாது.

"அதக் கொடு" என்றார்.

"மாட்டேன் சார்."

"நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே."

"இன்னிக்கு இருக்கேன்ல?"

உருளைப் பக்கமிருந்து அக்கா, இவளோடு மல்லுக்கு நின்று வீட்டில் அம்மாவே ஜெயித்ததில்லை, சார் எந்த மூலைக்கு என்று எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள். யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் மின்பெட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய டிரைவின் மின்சாரத்தை நிறுத்தினாள். முதல் டிரைவ் ஒழுங்காகப் பேசியது. அறுபடவே இல்லை. அடுத்து அதை நிறுத்திவிட்டுப் புதியதை மட்டும் போட்டாள். அக்காவைத் தள்ளி நிற்கச் சொல்லி, கண்ணாடி அறைக்காரரிடம் முதல் உருளையை மெல்ல ஓட்டச் சொன்னாள்.

இரண்டாம் உருளை சுழன்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புதிய டிரைவை ஒவ்வொன்றாக அமைக்கும் வழக்கம் அங்கே இல்லை. பக்கத்து டிரைவின் அமைப்பைக் கீபேட்டில் ஏற்றி, புதியதில் அப்படியே இறக்கிவிடுவார்கள். அதோடு, கணினி பக்கத்து டிரைவைக் கூப்பிடும் எண்ணும் வந்துவிடும். அதை மட்டும் பிறகு மாற்ற வேண்டும். காலையில் மாற்றவில்லை. கணினி ஓர் எண்ணைக் கூப்பிட, இரண்டு டிரைவும் ஒரே சமயத்தில் பதில் சொல்லியிருக்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் யார் பேச்சு புரியும்?

இறக்கியது அவள்தான். கேபிள் மேல் பழியைப் போட்டுவிட்டு எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். பக்கத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாருமில்லை.

கீபேட்டை எடுத்து எண்ணை மாற்றி, அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள்.

அவசரத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப உன் தப்புக்குத்தான் காலையிலேர்ந்து மிஷின் நிக்குதா?"

"என் தப்புதான் சார். மேல எழுதிப் போடுங்க, கையெழுத்துப் போடறேன். நின்னதாலதான் தப்பு தெரிஞ்சுது. நிக்காம ஓடியிருந்தா அக்கா கைதான் சொல்லியிருக்கும். அந்த அமைப்ப எடுக்க விட மாட்டேன்."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. இரண்டு உருளைகளும் சேர்ந்து சுழன்றன. கேபிளில் கை வைத்தபடி அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் அவர் தலை அசைந்தது. பிடுங்கினாள்.

உருளைகள் வேகம் குறைந்து நின்றன. காகிதம் தொய்ந்து தொங்கியது.

நின்றுபோன உருளையை அவர் பார்த்தார். பிறகு, அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்த அக்காவின் கைகளைப் பார்த்தார்.

"மாட்டு" என்றார்.

கேபிளை மாட்டினாள். கீபேட் அவள் பையிலேயே இருந்தது. அவரும் கேட்கவில்லை.